காக்கை தட்டிய மாமா

செத்துப்போனவருக்கு என்று மாலை வாங்கிக்கொண்டு போகிறீர்கள். போன இடத்தில் அவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருக்கிறார். கையில் இருக்கிற மாலையை என்ன செய்வீர்கள்? நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவள். விடை இல்லாத கணக்கே கிடையாது என்று பிள்ளைகளிடம் தைரியமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை எனக்கு விடை தெரியாது. என் அம்மா அன்றைக்கு ஏரியூர்ப் பக்கத்தில் இருக்கிற தன் அண்ணன் வீட்டு வாசலில், சம்பங்கி மாலை வைத்த மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான். மாமா கீரைக் குழம்பில் புரட்டிய களி உருண்டையை வாய்க்குக் கொண்டுபோனவர், கையை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார். மூன்று பேருமே ஒருவரை ஒருவர் பேந்தப் பேந்தப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பார்வைக்கு ஒரு பழைய கதை உண்டு. அண்ணனும் தங்கச்சியும் அதற்கு முன்னால் முகம் பார்த்துப் பேசியது என் காதுகுத்தின்போது. எனக்கு அதெல்லாம் நினைவில் இல்லை. காதில் ஓட்டை மட்டும்தான் சாட்சி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். தீர்த்தமலை அடிவாரத்தில் ஏற்பாடு. மாமா சீர்த்தட்டோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். அவர் வந்து சேர்வதற்குள், நல்ல நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி, அப்பாவின் பங்காளி ஒருவர் மடியில் என்னை உட்காரவைத்து அம்மா குத்தச் சொல்லிவிட்டாள். நான் வீலென்று கத்திய நேரத்தில் மாமா படியேறி வந்திருக்கிறார். வேறொருத்தன் மடியில் தன் மருமகளைப் பார்த்தவர், தட்டைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டார். ‘நேரம் இருந்துச்சு’ என்பது அவர் கட்சி. ‘நேரம் போயிடுச்சு’ என்பது அம்மாவின் கட்சி. இந்த ஒரு வழக்கிலேயே நான் வளர்ந்து, படித்து, வேலைக்குக் காத்திருக்கிற வயதும் வந்துவிட்டது. கல்யாணம், கிடாவெட்டு என்று எங்கே பார்த்தாலும் இரண்டு பேரும் இரண்டு பந்தியில் உட்காருவார்கள். மாமா என்னைப் பார்த்தால் மட்டும், “நல்லா இருக்கியா கண்ணு?” என்று கேட்டுவிட்டு, என் காதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்.

இனி அந்த மாலைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் பேப்பர் வருவதற்கு முன்னால் பால் சொசைட்டிக்குச் செய்தி வந்துவிடும். யார் வீட்டு மாடு சினைபிடித்தது, யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்து காப்பி குடிக்காமல் போனார்கள், தக்காளி இன்றைக்குப் பாலக்கோட்டில் என்ன விலைக்குப் போகிறது, சித்தேரிப் பஸ் ஏன் வரவில்லை, எல்லாம் பால் கேனோடு வரிசையில் நிற்கும்போது கிடைக்கும். வானொலியில் கூட நடுவில் பாட்டுப் போட்டு இடைவெளி விடுவார்கள். எங்கள் சொசைட்டியில் அது கூடக் கிடையாது. அன்று காலை அம்மா அந்த வரிசையில் நின்றிருந்தாள். வீட்டிலிருந்த ஒரே செல்போன் அடித்தது. எடுத்தால் மாமாவின் மனைவி, அத்தை. அவர்கள் எங்கள் வீட்டுக்குப் போன் செய்ததே அதுதான் முதல் தடவை. “கண்ணு... உங்க மாமா நம்மள உட்டுட்டுப் போயிட்டாருடி. செத்துட்டாரு. உங்கம்மாகிட்ட சொல்லிடு” என்றார்கள். அதோடு போன் கட்டாகிவிட்டது.

நான் செருப்பைக் கூடப் போடாமல் சொசைட்டிக்கு ஓடினேன். மறைவாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததை வரிசை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். எல்லார் முகமும் அம்மா பக்கம் திரும்பியது. அடுத்த ஒரு வாரத்துக்கு ஊர் பேசவேண்டிய செய்தி கண் முன்னால் நடக்கப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும் அல்லவா. அம்மா அழவில்லை. பாலை ஊற்றினாள். கேனைக் குழாயில் காட்டி அலசினாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டாள். “வா போலாம்” என்றாள். பின்னால் யாரோ, “அடிப்பாவி மகளே, கூடப் பொறந்தவனாச்சே” என்று முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மாடு கன்றைப் பார்த்துக்கொண்டு அப்பா பின்னால் வருவதாகச் சொன்னார். போனை அவருக்காக வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அரூரில் பஸ் பிடித்தோம்.

தருமபுரியில் இறங்கி மாலை வாங்கினோம். பென்னாகரத்தில் பஸ் மாறினோம். வழியெல்லாம் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனேன். அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ வேலையாகப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்கு வருத்தமே இல்லையா, இல்லை வருத்தம் வேறு மாதிரி இருக்குமா? வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். “இங்க அழுது யாருக்குக் காட்டறது? அவன் வூட்டுத் தெருமுனை திரும்பினதும் அழுவேன். கண்ணத் தொடச்சிக்க, சனம் பாக்குது” என்றாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் சாவு வீட்டுக்கு அப்படித்தான் போவார்கள். ஊர் எல்லை வரைக்கும் சாதாரணமாகப் பேசிக்கொண்டு வருவார்கள். தெரு திரும்பியதும் முந்தானை வாய்க்குப் போகும், சத்தம் கிளம்பும். அதனால் அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

தெருமுனை வந்தது. பந்தல் இல்லை, பறை இல்லை, ஆள் நடமாட்டமே இல்லை. அம்மா முந்தானையை எடுத்து வாயில் வைத்தாள். மூச்சை இழுத்தாள். அப்போதுதான் வேப்பமரத்தடியில் மாமா தெரிந்தார், களியோடு.

மாமாதான் முதலில் வாய் திறந்தார். அத்தனை வருஷம் கழித்து அண்ணன் தங்கச்சியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்: “நீ அழுவலையா?”

அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். “எழவு வூட்டுக்குத்தானே வந்தேன். எழவு எங்க? நீ இங்க குத்துக்கல்லாட்டம் குந்திக்கிட்டுக் களி திங்கற!” என்று கத்தினாள். மாலைப் பையை வேலியோரமாக வீசினாள். அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்து, “ஐயோ, நீங்க கிளம்பி வருவீங்கன்னு யாரு கண்டாங்க!” என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இந்தக் கூச்சலில் மாமாவின் ஆடு சம்பங்கி மாலையை நிதானமாகத் தின்று முடித்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். முந்தின நாள் சாமந்தித் தோட்டத்தில் தலைத்துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு மாமா குனிந்திருக்கிறார். ஒரு காக்கை இறங்கி உச்சந்தலையில் காலால் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. காக்கை தலையில் தட்டினால் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்குப் பரிகாரம் ஒன்று உண்டு. ஆள் செத்துவிட்டதாக ரத்த சொந்தம் ஒருவருக்குப் பொய்ச் சேதி அனுப்பவேண்டும். அவர்கள் நம்பி அழவேண்டும். அந்தக் கண்ணீரோடு வரவிருந்த சாவு கழிந்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு உண்மையைச் சொல்லிவிடலாம். மாமாவுக்கு இருந்த ஒரே ரத்த சொந்தம் அம்மா. பேசாத தங்கச்சி வீட்டிலேயே கொஞ்சம் அழுவாள், சாயங்காலம் போன் செய்து சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவள் மாலையோடு புறப்பட்டு வருவாள் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அத்தை பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்கள்: “நான் வேற யாருக்காச்சும் சொல்லலாம்னேன். உங்க மாமாதான், ‘இல்ல, அவளுக்கே சொல்லு. அழுவறாளான்னு பாக்கலாம்’னாரு.”

மாமா கையைக் கழுவிவிட்டு வந்து அம்மா எதிரில் உட்கார்ந்தார். கோபம் இல்லை, பயந்திருந்தார். என்னைப் பார்த்து, “நீயே சொல்லு கண்ணு. சேதி கேட்டதும் அழுதாளா? பஸ்ஸுலயாச்சும்?” என்றார். நான் என்னத்தைச் சொல்ல. “தெருமுனைல அழலாம்னு இருந்தாங்க மாமா” என்றேன். அவர் அம்மாவிடம், “அப்ப இப்ப அழு. கொஞ்சம் அழுதுட்டுப் போ. ரெண்டு சொட்டு போதும்” என்று கெஞ்சினார். அம்மா ஒரு மாதிரியாக அவரைப் பார்த்தாள். “உசிரோட குந்தியிருக்கறவனப் பாத்து எப்படிண்ணா அழுவறது? அழுகையென்ன கொழாயில வருதா, தொறந்து உட?” என்றாள். அதற்குப் பிறகு அத்தை களி போட, இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இது ராசியா, சண்டையா என்று எனக்கு விளங்கவே இல்லை.

அதன்பிறகு போன் மட்டும் வர ஆரம்பித்தது. நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “என்னா, அழுதியா?” என்பார் மாமா. “செத்தாச் சொல்லு, வந்து அழுவறேன்” என்பாள் அம்மா. வேடிக்கையாகத்தான் ஆரம்பிக்கும். வைக்கும்போது இரண்டு பக்கமும் குரல் இறங்கியிருக்கும். மாமா துண்டு கட்டாமல் வெளியில் வருவதை விட்டுவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினாலும், வண்டியிலிருந்து விழுந்தாலும், பூ விலை படுத்தாலும் அத்தை ஒரே காரணத்தைச் சொல்வார்கள், தங்கச்சி கண் நனையவில்லை என்று. இந்தப் பேச்சு எப்படியோ மலை தாண்டி எங்கள் பால் சொசைட்டிக்கும் வந்து, “ரெண்டு சொட்டு விட்டா என்ன கொறஞ்சா போயிடுவா?” என்று அம்மா முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் எனக்கே பொறுக்கவில்லை. மூடநம்பிக்கையோ என்னவோ, அந்த மனுஷர் பயந்து சாகிறாரே, ஒரு தடவை போனில் அழுதுவிடேன் என்று அம்மாவைக் கேட்டேன். அவள் புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள். “நான் அழுதா அவன் உசிரு தப்பும்னு அவன் நெனைக்கறான். நான் அழுவாம இருக்கற வரைக்கும்தான் அவன் இருப்பான்னு நான் நெனைக்கறேன். எது நெசம்னு உனக்குத் தெரியுமா?” என்றாள். ஒருவருடைய சாவைத் தடுக்க இரண்டு பேர் எதிரும் புதிருமான இரண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். நடுவில் நின்று நான் யார் பக்கம் என்று முழித்தேன்.

போன தைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமாகி வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன். அத்தையிடமிருந்து போன் வந்தது. “உங்க மாமாவுக்குக் கொஞ்சம் முடியலை கண்ணு. அம்மாவக் கூட்டிக்கிட்டு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க” என்றார்கள். வயசான உடம்பு, முடியாமல்தான் இருக்கும். நான் நிம்மதியாகவே போய் அம்மாவிடம் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அம்மா முறத்தை அப்படியே போட்டுவிட்டு, “ஐயோ, எங்கண்ணா!” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய், “முடியலைன்னுதாம்மா சொன்னாங்க” என்றேன். “அடிப் போடி! செத்தாத்தான் அப்படிச் சொல்லுவாங்க. உசிரோட இருந்தப்ப செத்துட்டான்னு சொன்னாங்க. இப்ப முடியலைங்கறாங்க. உனக்கு இன்னுமா வெளங்கலை?” என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னது எனக்கும் சரி என்றே பட்டது. எங்கள் பக்கத்தில் யாரும் சாவை நேராகச் சொல்வதில்லை. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு ‘சீரியஸா இருக்கு, கிளம்பி வாங்க’ என்றுதான் சேதி போகும். சந்தேகத்துக்கு அத்தைக்குத் திரும்பப் போன் போட்டேன். “முடியலை கண்ணு, சீக்கிரம் வாங்க” என்றார்கள், அதே வார்த்தை. “பாத்தியா, வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றாள் அம்மா. அதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது. கார் பிடித்துக்கொண்டு போனோம். தெருமுனை வரைக்கும் இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. வழியெல்லாம் அழுதாள்.

முனையில் இறங்கியதும் ஒப்பாரி எடுத்தாள். அம்மாவுக்கு ஒப்பாரி வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சத்தம் கேட்டு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். தங்கச்சி அழுதுகொண்டு வருகிறாள் என்றால் ஆள் போய்விட்டார் என்றுதானே அர்த்தம். அவர்களும் “எப்ப ஆச்சு? இப்பத்தானே பாத்தேன்!” என்று கேட்டுக்கொண்டே கூட அழுதுகொண்டு வந்தார்கள். யாரோ ஒரு பையன் அந்த அவசரத்திலும் ஊர் வாட்ஸப் குரூப்பில் மாமா படத்துக்கு மாலை போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று ஏற்றிவிட்டான். அம்மா எதையும் கவனிக்கவில்லை. அவள் வாயில் வந்துகொண்டிருந்த ஒப்பாரியைக் கேட்டு நான் மட்டும் அப்படியே நின்றுவிட்டேன்.

“மடி கொடுக்க வந்தவனே, மலையேறி வந்தவனே, நேரம் இருந்துச்சே, நெசமாவே இருந்துச்சே, பொறந்த வூட்டுக்காரன் வரமாட்டான்னு பங்காளிங்க பேசினாங்களே, வெக்கம் பொறுக்காம நான்தானே பொய் சொன்னேன், எங்கண்ணே, தட்டோட திரும்பினியே...”

வாசலில் அத்தை செம்போடு நின்றிருந்தார்கள். “யாருக்கு என்னா ஆச்சு? ஏன் எல்லாரும் அழுவறீங்க?” என்று விழித்தார்கள். அம்மா அவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கயிற்றுக் கட்டிலில் மாமா படுத்திருந்தார். கன்னம் ஒட்டி, பாதியாக இளைத்து. ஆனால் கண் திறந்திருந்தது. அத்தை பொய்யும் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. முடியவில்லை என்றால் முடியவில்லை, அவ்வளவுதான். தன் சாவுக்கான ஒப்பாரி தெருமுனையிலிருந்து வருவதை அவர் ஒரு வார்த்தை விடாமல் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விக்கித்து உட்கார்ந்துவிட்டாள். அழுகையை நிறுத்தவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

மாமா அவள் முகத்தையே பார்த்தார். கையைத் தூக்கி அவள் கன்னத்தைத் தொட்டு, ஈரத்தைத் தன் விரலில் பார்த்தார். “நேரம் இருந்துச்சில்ல?” என்றார்.

“இருந்துச்சுண்ணா” என்றாள் அம்மா.

“அதத்தான் நான் அன்னைலேர்ந்து சொல்றேன்” என்றார் மாமா. அப்புறம் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தலையை அவர் பக்கம் சாய்க்கச் சொல்லி, என் காதைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணம் ஆகி, தலையில் இரண்டு நரை வந்தவள் நான். குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதேன். வெளியே பெண்கள் அழுவதா, சிரிப்பதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றிருந்தார்கள். அத்தை மட்டும், “தோஷம் கழிஞ்சுது, இனி பொழைச்சுக்குவாரு” என்று சாமி படத்துக்கு விளக்கேற்றினார்கள். மாமா அன்றைக்கு இரண்டு கரண்டி கஞ்சி அதிகமாகக் குடித்தார். நாங்களும் நம்பினோம்.

அந்த வாரம் முடிவதற்குள் மாமா இறந்துபோனார். இந்தத் தடவை அத்தை, “போயிட்டாரு கண்ணு” என்று நேராகவே சொன்னார்கள். அது கழிந்த தோஷமா, கழியாத தோஷமா என்று நான் குழம்பிப் போனேன். அழுதால்தான் இருப்பார் என்ற மாமா பேச்சை நினைத்தால், அழுகை வந்தும் அவர் போய்விட்டார். அழாத வரைக்கும்தான் இருப்பான் என்ற அம்மா பேச்சை நினைத்தால், அவள் அழுத வாரமே அவர் போய்விட்டார். ஒருவேளை அவள்தான் சரியோ? இதை அவளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயம். சாவு வீட்டில் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஈ விரட்டினாள், வந்தவர்களுக்கு நகர்ந்து இடம் விட்டாள், பாடை எடுக்கும்போது எழுந்து நின்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஒப்பாரிக்காரப் பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபோது கூடச் சும்மா இருந்தாள்.

எங்கள் ஊரிலிருந்து சாவுக்கு வந்தவர்கள் பார்த்தது அந்த ஒரு நாளை மட்டும்தான். கட்டிலோரத்தில் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. போன வாரம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, அம்மாவுக்கு மூட்டு வலி என்று நான் கேனை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா, கேட்காமல் இருக்க முடியாதவள், மெதுவாகத் திரும்பினாள்.

“ஏன் டீச்சர், உங்கம்மா கூடப் பொறந்தவன் சாவுக்கு ஒரு சொட்டுக் கூட உடலையாமே? அப்படியா?”

வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. எல்லாருக்கும் செய்தி வேண்டும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

“அழுதாங்கக்கா” என்றேன். “எங்க மாமா பாத்தாரு.”